நகத்தளவு அலுமினியத்தில் 7,700 கோடி கிணறுகள்! தெரியுமா?

கட்டைவிரல் நகத்தை ஒரு தடவை பாருங்கள். ஏறக்குறைய ஒரு சதுர சென்டிமீட்டர். அதே அளவு இடத்தை வீட்டு அலுமினிய ஜன்னலில் குறித்துக்கொள்ளுங்கள். பவுடர் கோட்டிங் அடிக்காத, அனோடைஸ் செய்த பிரேமாக இருந்தால், அந்த நகத்தளவுக்குள் எத்தனை துளைகள் இருக்கும் தெரியுமா? நூறா? ஆயிரமா? சரி, ஒரு லட்சம்?

சுமார் 7,700 கோடி!

உலகத்தின் மொத்த ஜனத்தொகையே 800 கோடிச் சொச்சம்தான். ஆளுக்கு ஒன்பது துளை என்று பங்கு போட்டுக் கொடுத்தாலும் மிச்சம் இருக்கும். இது குத்துமதிப்பாகச் சொன்ன கணக்கில்லை. 1953-ல் அமெரிக்காவின் அல்கோவா நிறுவனத்தில் கெல்லர், ஹன்டர், ராபின்சன் என்ற மூவர் எலக்ட்ரான் நுண்ணோக்கியை வைத்துக்கொண்டு அனோடைஸ் செய்தால் அலுமினியத்தின்மேல் வளரும் படலத்தின் உடற்கூறை முதல்முறையாகத் தெளிவாக வரைந்து காட்டினார்கள். 15 சதவீதக் கந்தக அமிலம், 15 வோல்ட் மின்சாரம், அதில் வளர்ந்த படலம் என்று அவர்கள் சொன்ன கணக்குதான் இது.

துளை என்றதும் சல்லடை மாதிரி என்று நினைத்துவிடாதீர்கள். சல்லடையில் ஆழம் கிடையாது. இது கிணறு! ஒரு துளையின் வாய் சுமார் 15 நானோமீட்டர். கடற்கரை ஊர்களுக்குப் போடச் சொல்லும் கனமான படலம் 25 மைக்ரான். அதாவது வாயைப் போல 1,600 மடங்குக்கு மேல் ஆழம். கொங்கு நாட்டுக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். ஆறரை அங்குல போர்வெல் ஒன்றை 900 அடிக்கு இறக்கினால் என்ன விகிதம் வருமோ, அதே விகிதம்தான் இது. அடுத்த போர் எங்கே தெரியுமா? பதினாறு அங்குலம் தள்ளி! அதற்கடுத்தது இன்னொரு பதினாறு அங்குலம். கண்ணுக்கெட்டிய தூரம் வரை பதினாறு அங்குலத்துக்கு ஒரு போர், எல்லாமே 900 அடி. நிலத்தடி நீர்த்துறை அதிகாரி கனவில் கண்டாலும் மயங்கி விழுவார்.

இன்னொரு கணக்கும் போட்டுப் பார்த்தேன், போட்ட எனக்கே நம்பிக்கை வரவில்லை, திரும்பப் போட்டேன். அந்த நகத்தளவு இடத்துக்குள் இருக்கும் குழாய்களையெல்லாம் ஒன்றின் நுனியில் ஒன்றாக வைத்து நீட்டினால் வரும் நீளம் 1,900 கிலோமீட்டர். சென்னையிலிருந்து கன்னியாகுமரி போய், திரும்பி வந்து, மறுபடியும் கிளம்பி மதுரையையும் தாண்டிவிடலாம். குழாய்களின் உட்சுவரை உரித்து விரித்தால் கிட்டத்தட்ட ஒரு சதுர அடி. நகத்துக்குள் ஒரு சதுர அடி நிலம்! இந்த ஒரு சதுர அடியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், சாயத் தொட்டிக்குப் போகும்போது வேண்டியிருக்கும்.

"பெயின்ட் மாதிரி ஏதோ பூசுவதில் இவ்வளவு விஷயமா?" என்று கேட்பவர்களுக்கு அடுத்த அதிர்ச்சி. அனோடைசிங்கில் எதையும் பூசுவதே இல்லை! அலுமினியத்தை ஜிக்கில் மாட்டி அமிலத் தொட்டிக்குள் இறக்குவார்கள். ரெக்டிஃபயரின் பாசிட்டிவ் முனை அதற்கு. நெகட்டிவ் பக்கத்தில் ஹைட்ரஜன் குமிழ் குமிழாகக் கிளம்பும். பாசிட்டிவ் பக்கத்தில், தண்ணீரில் இருந்த ஆக்சிஜன் அலுமினியத்தோடு சேர்ந்து அலுமினியம் ஆக்சைடாக மாறும். உலோகத்தின் சதையே தோலாகிறது. அதனால்தான் பெயின்ட் உரிவது போல இது உரிவதில்லை.

சும்மா காற்றில் கிடக்கும் அலுமினியத்துக்கும் இந்தத் தோல் உண்டு என்பது தெரியுமா? அறுத்த கணத்திலேயே மூடிக்கொள்ளும். ஆனால் அது இரண்டு, மூன்று நானோமீட்டர்தான். அந்த மெல்லிய தோல் மட்டும் இல்லையென்றால் அலுமினியம் தண்ணீரோடு சண்டைக்குப் போகும். பாதரசம் பட்டால் அந்தத் தோல் நிலைக்காது, அலுமினியம் உளுத்துக் கொட்டிவிடும். விமானத்தில் பாதரசத் தெர்மாமீட்டரைக் கண்டால் அதிகாரிகள் ஏன் பதறுகிறார்கள் என்பதற்கு இதுதான் காரணம், விமானத்தின் உடம்பே அலுமினியம் ஆயிற்றே. அனோடைசிங் செய்வது இதே தோலை ஆயிரக்கணக்கான மடங்கு தடிமனாக்குவதைத்தான்.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். எங்கள் சமையலறையில் ஹார்ட் அனோடைஸ்டு கடாய் ஒன்று இருக்கிறது, கருஞ்சாம்பல் நிறம். பக்கத்தில் பழைய அலுமினிய இட்லிக் கொப்பரை. மல்டிமீட்டரை பஸ்ஸரில் வைத்து, இரண்டு முனைகளையும் கொப்பரைமேல் வைத்தேன். 'பீப்' என்று கத்தியது. மின்சாரம் ஓடுகிறது, உலோகம்தானே. கடாய்மேல் வைத்தேன். சத்தமே இல்லை. இடத்தை மாற்றி வைத்தேன், அழுத்தி வைத்தேன், மௌனம். மீட்டர் கெட்டுவிட்டதோ என்று திரும்பக் கொப்பரையில் வைத்தால், பீப்! கடாய் முழுக்க அலுமினியம், ஆனால் மீட்டரின் முனைக்கும் அலுமினியத்துக்கும் நடுவே ஒரு பீங்கான் தோல். நாம் வதக்குவதும் தாளிப்பதும் அந்தப் பீங்கானின் மேல்தான்.

சரி, இந்தத் தோல் எந்தப் பக்கம் வளர்கிறது? பெயின்ட் என்றால் புதிய பூச்சு மேலே விழும். இங்கே தலைகீழ்! புதிய ஆக்சைடு பிறப்பது கிணற்றின் அடியில், உலோகத்தோடு தொடும் இடத்தில். பழையது மேலே தள்ளப்படுகிறது. கையால் தொட்டுப் பார்க்கும் மேற்புறம்தான் வயதில் மூத்தது. நம் நகமும் இப்படித்தானே, வேரில் முளைத்து நுனிக்கு நகர்கிறது. வேகத்திலும் இருவரும் ஒரே ஜாதி. பட்டறையில் வழக்கமாக ஓட்டும் கரன்ட்டில் 25 மைக்ரான் வளர ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் ஆகும், அதாவது வினாடிக்கு ஏழு நானோமீட்டர். விரல்நகம் வினாடிக்கு ஒரு நானோமீட்டர். நகத்தைவிட ஏழு மடங்கு அவசரம், அவ்வளவுதான்.

இன்னொரு பக்கம் அமிலம் சும்மா இருக்குமா? வளர்ந்த தோலை மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக அரித்துக்கொண்டே இருக்கும். தொட்டி சூடானால் அரிப்பு கூடும், தோல் பொடிப்பொடியாகும். தொட்டியை உறைநிலைக்குப் பக்கத்தில் குளிரவைத்து, கரன்ட்டைக் கூட்டி ஓட்டினால் அரிப்பு அடங்கும், தோல் கெட்டிப்படும். 'ஹார்ட்' அனோடைசிங் என்பதன் ரகசியம் இவ்வளவுதான், ஒரு நல்ல சில்லர்!

இப்போது கிணற்றுக்குள் இறங்குவோம். அடியில் என்ன இருக்கிறது தெரியுமா? துளை உலோகம் வரைக்கும் போவதில்லை! கடைசியில் ஒரு அடிப்பாறை இருக்கிறது, துளையே இல்லாத கெட்டி ஆக்சைடு, கிண்ணம் போல வளைந்தது. தடுப்புப் படலம் என்பார்கள். போர்வெல் கணக்கில் 900 அடிக்குக் கீழே வெறும் ஆறரை அங்குலப் பாறை. 15 வோல்ட்டுக்கு அதன் தடிமன் சுமார் 15 நானோமீட்டர். 40 வோல்ட்டுக்குச் சுமார் 40. வோல்ட்டுக்கு ஒரு நானோமீட்டர்! இதைவிட எளிய சூத்திரம் ஏதாவது உண்டா? கிணற்றுக்கும் கிணற்றுக்கும் உள்ள தூரத்துக்கும் இதே மாதிரி ஒரு சூத்திரம் இருக்கிறது, வோல்ட்டுக்கு இரண்டரை நானோமீட்டர். ரெக்டிஃபயரின் குமிழைத் திருகும் ஆள், தனக்கே தெரியாமல், நானோமீட்டர் கணக்கில் மனை பிரித்துக்கொண்டிருக்கிறார்.

ஒரு நானோமீட்டருக்கு ஒரு வோல்ட் என்றால் என்ன அர்த்தம்? ஒரு மீட்டருக்கு 100 கோடி வோல்ட்! மீட்டருக்கு 30 லட்சம் வோல்ட் வந்தாலே காற்று தாங்காது, பொறி பறக்கும். அதைப் போல 300 மடங்குக்கு மேலான மின்புலத்தை இந்த அடிப்பாறை அசையாமல் தாங்குகிறது. அசையாமல் என்றா சொன்னேன்? தப்பு. உள்ளே ஒரே போக்குவரத்து நெரிசல். ஆக்சிஜன் அயனிகள் உலோகத்தை நோக்கி உள்ளே ஓட, அலுமினிய அயனிகள் அமிலத்தை நோக்கி வெளியே ஓட, இருவரும் ஒரே சந்தில் எதிரெதிராக முட்டிக்கொண்டு போகிறார்கள்.

நடுவில் வோல்ட்டைக் குறைத்தால்? கிணறு இரண்டாகப் பிரியும்! 40 வோல்ட்டில் ஓடிக்கொண்டிருப்பதைப் படிப்படியாக 28-க்கு இறக்கினால், ஒரு குழாய் கீழே போகப் போக ஒய் எழுத்து மாதிரி இரண்டு கிளையாகும். ஏன் 28? 40-ஐ இரண்டின் வர்க்கமூலத்தால் வகுத்துப் பாருங்கள். இடைவெளி அந்த அளவு சுருங்கினால் ஒரு கிணற்றின் பரப்பில் சரியாக இரண்டு கிணறு அடங்கும். பள்ளிக்கூட வடிவியல் அமிலத் தொட்டிக்குள் தானாக நடக்கிறது.

ஆனால் துளை ஏன் வருகிறது என்று கேளுங்கள். அங்கேதான் கதை சூடுபிடிக்கிறது. போரேட் மாதிரி சாதுவான, நடுநிலைக் கரைசலில் அனோடைஸ் செய்தால் துளையே வராது, வெறும் அடிப்பாறைதான். ஃபேனில் இருக்கும் கெபாசிட்டர் இல்லை, சர்க்யூட் போர்டில் உருளை வடிவத்தில் நிற்குமே எலக்ட்ரோலிடிக் கெபாசிட்டர், அதற்குள் இருக்கும் படலம் இந்தத் துளையில்லாத ஜாதி. ஆக்சைடைக் கரைக்கும் அமிலத்தில் போட்டால்தான் கிணறு. அப்படியானால் அமிலம் தோண்டுகிறது, விஷயம் முடிந்தது என்றுதான் வெகுகாலம் நினைத்தார்கள். 1959-ல் கேம்பிரிட்ஜின் ஹோரும் மாட்டும் (பின்னாளில் இயற்பியல் நோபல் வாங்கிய அதே நெவில் மாட்) துளையின் அடியில் மின்புலம் பலமாக இருப்பதால் ஆக்சைடு அங்கே வேகமாகக் கரைகிறது என்ற வழியில் விளக்கம் எழுதினார்கள். 1970-ல் மான்செஸ்டரில் ஓ'சல்லிவனும் வுட்டும் அதை அளவுகளோடு விரிவாகச் செதுக்கினார்கள். பாடப்புத்தகங்களில் அப்படியே ஏறியது.

2006-ல் அதே மான்செஸ்டரிலிருந்து ஒரு குண்டு விழுந்தது. ஸ்கெல்டன், தாம்ஸன் குழுவினர் அலுமினியத்துக்குள் டங்ஸ்டன் கலந்த மெல்லிய கோடு ஒன்றைப் புதைத்து வைத்து அனோடைஸ் செய்தார்கள். அமிலம்தான் தோண்டுகிறது என்றால் கோடு கிணற்றடியில் மேலே ஏறியும் சுவரோரத்தில் பின்தங்கியும் இருந்திருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு! அடியில் பின்தங்கிய கோடு, சுவரில் மேலே ஏறியிருந்தது. அதாவது அடிப்பாறை கரைந்து போகவில்லை, ஓரமாக ஒதுங்கிச் சுவராக எழும்பியிருக்கிறது! கொழுக்கட்டைக்குச் செப்பு செய்யும் கையை நினைத்துக்கொள்ளுங்கள். மாவு உருண்டையின் நடுவில் கட்டைவிரலை அழுத்தினால் நடு பள்ளமாகும், ஓரமெல்லாம் மேலே எழும். மாவு எங்கேயும் கரைந்து போகவில்லை, இடம் பெயர்ந்தது. இங்கே கட்டைவிரல் மின்புலம், மாவு பீங்கான். தொட்டால் கல்லாக இருக்கும் பொருள், வளரும் கணத்தில் பிசைந்த மாவாக ஒழுகுகிறது. என்னைக் கேட்டால் இந்தக் கட்டுரையில் மற்ற எல்லாவற்றையும் மறந்தாலும் இந்த ஒன்றை மறக்கக் கூடாது. எந்த அமிலத்தில், எந்தச் சூழலில், கரைவதற்கும் ஒழுகுவதற்கும் ஆளுக்கு எவ்வளவு பங்கு என்று இன்னும் வாதம் நடக்கிறது.

இனி சுவரைக் கொஞ்சம் உடைத்துப் பார்ப்போமா? என்ன சரக்கு? அலுமினியம் இரண்டு பங்கு, ஆக்சிஜன் மூன்று பங்கு என்று எழுதிவிட்டுப் போய்விடலாம். அது பாதி உண்மைதான்! கந்தக அமிலத்தில் வளர்ந்த சுவரை எடை போட்டுப் பிரித்தால் அதில் பத்து முதல் பதின்மூன்று சதவீதம் சல்பேட். எட்டில் ஒரு பங்கு அமிலத்தின் மிச்சம்! கழுவினால் போகாது, ஒட்டிக்கொண்டிருப்பதல்ல, சுவரோடு சுவராகக் கட்டப்பட்டது. பாஸ்பாரிக் அமிலம் என்றால் ஆறு முதல் எட்டு சதவீதம் பாஸ்பேட். ஆக்சாலிக் என்றால் இரண்டு, மூன்று சதவீதம். குரோமிக் மட்டும் கறாரான விருந்தாளி, அரை சதவீதம்கூட உள்ளே வராது.

இதைவிட வேடிக்கை, இந்த அமில மிச்சம் ஒரே சீராக ஏறியிருப்பதில்லை. நேற்றுப் போட்ட மாவடுவைக் கடித்துப் பாருங்கள். வெளியே உப்பு, உள்ளே பச்சை மாங்காய். இந்தச் சுவரும் அதே கதைதான். துளையை ஒட்டிய பக்கம் அமிலத்தின் அயனி ஏறியது, இரண்டு கிணறுகளுக்கு இடையே வரும் நடுக்கோட்டில் கிட்டத்தட்டச் சுத்தமான அலுமினியம் ஆக்சைடு. அமில அயனியும் ஆக்சிஜனோடு சேர்ந்து உள்ளே ஓடப் பார்க்கிறது, ஆனால் கால் மெதுவு, பாதி வழியில் நின்றுவிடுகிறது. சல்பேட் ஏறக்குறைய அடிவரை ஊறிவிடும். பாஸ்பேட் அவ்வளவு தூரம் போகாது. ஆக்சாலேட் இரண்டுக்கும் நடுவில். எந்த அமிலத்தில் ஊறியது என்று சுவரின் குறுக்குவெட்டைப் பார்த்தே சொல்லிவிடலாம், ஊறுகாய் தின்று வளர்ந்த கைக்கு இதெல்லாம் புதிதா என்ன!

இந்த ஆக்சாலேட் இருக்கிறதே, அது செய்யும் குறும்பு தனி. ஆக்சாலிக் படலத்தைப் புறஊதா விளக்கின் கீழே வைத்தால் நீலமாக ஒளிரும். இருட்டறையில் வைத்து அனோடைஸ் செய்தால், வளரும்போதே தொட்டிக்குள் மங்கலாக வெளிச்சம் தெரியும். பகலில் பார்த்தாலோ இளமஞ்சள். ஜப்பானியப் பழைய வீடுகளில் தங்கநிற அலுமினியக் கெட்டில் ஒன்று கட்டாயம் இருக்கும். சாயம் கிடையாது அது, ஆக்சாலிக் படலத்தின் பிறவி நிறம். அங்கே ரிக்கென் ஆய்வு நிறுவனம் 1920-களில் வளர்த்தெடுத்த இந்த முறைக்கு 'அலுமைட்' என்று பெயர், இன்றைக்கும் ஜப்பானில் அனோடைசிங் என்றாலே அலுமைட்தான். பிரிட்டனில் இதற்குக் கொஞ்சம் முன்பின்னாக, 1923-ல், பெங்கோவும் ஸ்டூவர்ட்டும் குரோமிக் அமில முறைக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார்கள். கடல் விமானங்களின் டியூராலுமின் (அலுமினியக் கலவை) உடம்பை உப்புக்காற்று தின்னாமல் காக்க வேண்டியிருந்தது. கந்தக அமில முறை 1927-ல் வந்தது, மலிவு என்பதால் அதுவே உலகத்தைப் பிடித்துக்கொண்டது.

இப்போது ஒரு சொல் விஷயம், தமிழர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம். படிகமாக இறுகிய அலுமினியம் ஆக்சைடுக்கு உலகம் முழுக்க 'கொரண்டம்' என்று பெயர். அந்த ஆங்கிலச் சொல்லுக்கு வேர் எது தெரியுமா? நம் 'குருந்தம்'! ஆங்கில அகராதிகளே அப்படித்தான் போட்டிருக்கின்றன. நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பாறைகளில் இன்றைக்கும் குருந்தக்கல் கிடக்கிறது. அதில் துளி குரோமியம் கலந்தால் மாணிக்கம், துளி இரும்பும் டைட்டானியமும் கலந்தால் நீலக்கல். அப்படியானால் என் கடாயின் மேல்தோல் மாணிக்கத்தின் தாயாதியா? சரக்கைப் பார்த்தால் ஆமாம். அடுக்கைப் பார்த்தால் இல்லை! குருந்தத்தில் ஒவ்வோர் அலுமினிய அணுவையும் ஆறு ஆக்சிஜன்கள் ஒழுங்காகச் சூழ்ந்திருக்கும். அனோடைஸ் படலத்திலோ சிலதுக்கு நாலு, சிலதுக்கு ஐந்து, சிலதுக்கு ஆறு. ரேஷன் கடைக் கூட்டம் மாதிரி, வரிசை கிடையாது. கண்ணாடியைப் போலப் படிக ஒழுங்கு இல்லாத பொருள். சுமார் 800, 900 டிகிரிக்குச் சூடாக்கினால்தான் படிகமாகத் தொடங்கும், 1,100-க்கு மேலே போனால்தான் குருந்தமாக மாறும். அதற்குள் அடியில் இருக்கும் அலுமினியம் 660 டிகிரியிலேயே உருகி ஓடிவிடும். அதனால் உலோகத்தை முதலில் கரைத்துவிட்டு, தோலை மட்டும் தனியே உரித்துத்தான் சுட வேண்டும்.

அணுக்களுக்குள் வரிசை இல்லை. ஆனால் கிணறுகளுக்குள்? இங்கேதான் ஹிடேகி மசுதா வருகிறார். 1995-ல் டோக்கியோவிலிருந்து அவரும் ஃபுகுடாவும் 'சயின்ஸ்' இதழில் ஒரு படம் வெளியிட்டார்கள். தேன்கூடு! அச்சு வைத்து அடித்தது போல அறுகோண அறைகள், ஒவ்வோர் அறையின் நடுவிலும் ஒரு துளை. யாரும் வரையவில்லை, யாரும் குத்தவில்லை. 40 வோல்ட் ஆக்சாலிக் தொட்டியில் நெடுநேரம் விட்டால் கிணறுகள் ஒன்றையொன்று நெருக்கித் தள்ளி, தாமாகவே வரிசைக்கு வருகின்றன. மேலே பிறந்த பழைய பகுதி அலங்கோலமாகவும் அடியில் பிறந்த புதிய பகுதி ஒழுங்காகவும் இருக்கும். ஆகவே ஒரு தந்திரம்: முதல் தோலை முழுக்கக் கரைத்து எறிந்துவிடு. உலோகத்தில் கிண்ணம் கிண்ணமாகத் தடம் மட்டும் இருக்கும். அதன்மேல் மறுபடி அனோடைஸ் செய். இந்தத் தடவை முதல் வினாடியிலிருந்தே தேன்கூடு!

எல்லா வோல்ட்டிலும் இந்த ஒழுங்கு வராது. கந்தக அமிலத்துக்கு 25 வோல்ட், இடைவெளி 63 முதல் 65 நானோமீட்டர். ஆக்சாலிக்குக்கு 40, இடைவெளி 100. பாஸ்பாரிக்குக்கு 195, இடைவெளி 500. இந்த மூன்றும் ராசியான எண்கள். அமிலம் வேறு, வோல்ட் வேறு, அளவு வேறு, ஆனால் ஒழுங்கு நன்றாக வரும் இடத்தில் மொத்தப் பரப்பில் துளைகளின் பங்கு மட்டும் எப்போதும் பத்து சதவீதத்தைச் சுற்றியே வருகிறது. 2002-ல் நீல்ஷ் என்ற ஜெர்மானியரின் குழு கண்டு சொன்ன 'பத்து சதவீத விதி' இது. ஒன்று சொல்லிவிடுகிறேன், இணையத்தில் பார்க்கும் அந்த அழகுத் தேன்கூடு ஆய்வுக்கூடத்துப் பிள்ளை. நம் ஜன்னல் பிரேமில் இருப்பது அவ்வளவு லட்சணமாக இருக்காது. கிணறு உண்டு, எண்ணிக்கை உண்டு, ஆனால் வரிசை கொஞ்சம் கோணல்மாணல்தான்.

இந்தத் தேன்கூட்டை வைத்து என்னென்னவோ செய்கிறார்கள். துளைக்குள் உலோகத்தை நிரப்பி நானோ கம்பி வார்க்கிறார்கள். அடிப்பாறையைத் திறந்துவிட்டு வடிகட்டி ஆக்குகிறார்கள். அறுபது மைக்ரான் தடிமனுள்ள வெள்ளை வட்டமாக வரும் அந்த வடிகட்டியைத் தண்ணீரில் நனைத்தால், பால்வெள்ளை மறைந்து கண்ணாடியாகிவிடும். கீழே எழுத்து இருந்தால் படிக்கலாம்.

சாயத் தொட்டிக்கு வருவோம், ஞாபகம் இருக்கிறதா அந்த ஒரு சதுர அடி? அனோடைஸ் முடிந்து கழுவிய அலுமினியத்தை, காயவிடாமல், வெதுவெதுப்பான சாயத்துக்குள் இறக்கினால் சில நிமிடங்களில் சிவப்போ நீலமோ அப்படியே குடித்துக்கொள்ளும். சாதாரண அலுமினியத்தை இறக்கினால் வெறுமனே நனைந்து வெளியே வரும். வித்தியாசம் அந்தக் கிணறுகள்தான், சாயத்தின் மூலக்கூறுகள் உட்சுவரில் ஏறி உட்கார்ந்துகொள்கின்றன. வண்ண வண்ண மொபைல் போன் உடம்பெல்லாம் இந்த வழிதான். ஆனால் ஜன்னல் செக்‌ஷனில் வரும் பிரவுன், ஷாம்பேன் நிறம் பெரும்பாலும் சாயமே இல்லை தெரியுமா? மாறுமின்சாரம் கொடுத்து, கிணற்றடியில் கொஞ்சம் வெள்ளீயத்தைப் படியவைக்கிறார்கள். வெளிச்சம் உள்ளே போய் அந்த உலோகத் துகள்களில் சிதறித் திரும்பும்போது பழுப்பாகத் தெரிகிறது. கொஞ்சம் படிந்தால் ஷாம்பேன், இன்னும் படிந்தால் பிரவுன், நிறையப் படிந்தால் கறுப்பு. வெயிலில் வெளுக்க அங்கே சாயம் இருந்தால்தானே!

கடைசி வேலை மூடி போடுவது. சீலிங் என்பார்கள். 7,700 கோடிக் கிணறுகளுக்கு யார் மூடி செய்வது? கொதிக்கும் தண்ணீர்! உப்பு நீக்கிய சுத்தத் தண்ணீரில், கொதிநிலையை ஒட்டி, ஒரு மைக்ரானுக்கு இரண்டரை, மூன்று நிமிடக் கணக்கில் போட்டுவைத்தால் போதும். சுவரின் ஆக்சைடு தண்ணீரை உள்வாங்கி போமைட் என்ற கனிமமாக மாறும். போமைட்டுக்கு இடம் அதிகம் வேண்டும், ஆகவே சுவர் வீங்கும், கிணற்றின் வாய் தானே இறுகி மூடும். சாதம் வடிக்கும் தண்ணீரின் சூட்டில் நடக்கும் இந்தக் காரியம் அந்தத் தண்ணீரில் கொஞ்சம் பாஸ்பேட்டோ சிலிகேட்டோ கலந்தால் கெட்டுவிடும். பத்து லட்சத்தில் சில பங்கு போதும், மூடி சரியாக விழாது. போமைட் வேறு எங்கே கிடைக்கும் தெரியுமா? பாக்சைட்டில்! அலுமினியத்தைத் தோண்டி எடுக்கும் அதே தாதுமண்ணில். ஆலையில் அவ்வளவு மின்சாரம் செலவழித்து மண்ணை உலோகமாக்கினோம், இங்கே உலோகத்தின் மேல்தோலை மறுபடி மண்ணாக்கி, அதன் காவலில் நிம்மதியாகத் தூங்குகிறோம்.

இந்தத் தோலுக்குப் பிடிக்காதது காரம். நாக்குக்குத் தெரியும் காரமில்லை, காஸ்டிக் சோடா, சலவை சோடா மாதிரிக் காரம். புளிக்குழம்பைத் தாங்கும் கடாய், பாத்திரம் கழுவும் மெஷினுக்கான பவுடரில் வெளுத்துப் போவது அதனால்தான். ஜன்னல் பிரேமில் சிமென்ட் தெறித்தால் உடனே துடைக்கச் சொல்வதும் அதனால்தான், ஈரச் சிமென்ட் கடுமையான காரம்.

வீட்டுக்கு அனோடைஸ்டு ஜன்னல் வாங்கப் போகிறீர்களா? மூடி சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு சொட்டு பேனா மை போதும். கண்ணில் படாத மூலையில் சொட்டுவிட்டு ஐந்து நிமிடம் காத்திருங்கள். ஈரத்துணியால் துடையுங்கள். ஆய்வுக்கூடத்தில் அமிலம் தடவிச் செய்யும் சோதனை இதைவிடக் கறாரானது, ஆனால் மோசமான சரக்கை இதுவே காட்டிக்கொடுத்துவிடும். மை சுத்தமாகப் போய்விட்டால் சரி. கறையாக நின்றுவிட்டால் கிணறுகள் வாயைத் திறந்துகொண்டிருக்கின்றன என்று அர்த்தம், உப்புக்காற்றும் அப்படியே உள்ளே இறங்கும். பிரேமைச் சுவரில் பூட்டுவதற்கு முன்பே ஃபேப்ரிகேட்டரைக் கூப்பிட்டு அந்தக் கறையைக் காட்டுங்கள்.